பண்ணவாடி எத்தனை அடியில் இருக்கிறது?

“அண்ணே, மேட்டூர்ல நல்ல இடமா ஒண்ணு லொகேஷன் போடுங்க.” தூண்டில்காரர்கள் நாலு பேர் கூடினால் ஓயாமல் காதில் விழும் வேண்டுகோள் இது. யாரோ ஒரு புண்ணியவான் அணையோரத்துப் பண்ணவாடிக் கரையில் நின்றபடியே கைபேசி வரைபடத்தில் லொகேஷன் பின் ஒன்றைப் போட்டுவிடுகிறார். அது கைமாறிக் கைமாறி, ஆறு மாதம் கழித்து சேலத்திலோ ஈரோட்டிலோ இருக்கும் ஒருவருக்கு வந்து சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் மாவு பிசைந்து, பைக்கில் வந்து இறங்கினால், பின் காட்டும் இடத்தில் யாரோ எள் விதைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கோ தூரத்தில் பளபளக்கிறது. இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு மேல் முப்பதடித் தண்ணீர் நிற்கிறது. “மேட்டூர்ல மீனே இல்லண்ணே” என்று திரும்பிப் போகிறார். மீனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, இடம்தான் நகர்ந்துவிட்டது.

இந்த ‘நல்ல இடம்’ என்ற பேச்சு எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊர்க் குளத்திலும் தெப்பக்குளத்திலும் இடம் என்றால் இடம்தான். படிக்கட்டின் மூலையில் ஜிலேபி மீன் நிற்கும் என்றால் போன வருடமும் நின்றது, இந்த வருடமும் நிற்கும். நீர்த்தேக்கத்தில் அந்தக் கணக்கு செல்லாது. மேட்டூரில் சில வருடங்களில் நீர்மட்டம் எழுபது அடிகூட ஏறி இறங்கும். கரை என்பது அங்கே ஒரு கோடல்ல. கிலோமீட்டர் அகலத்துக்கு முன்னும் பின்னும் நடமாடும் ஒரு பட்டை. அதில் ஒரு புள்ளியைக் குத்தி ‘இதுதான் இடம்’ என்பது, ஆற்றில் கொம்பு நட்டு ‘இங்கேதான் தண்ணீர் போகிறது’ என்பதைப் போல. ஆகவே லொகேஷன் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: பண்ணவாடி எத்தனை அடியில்?

அணைக்குப் புதியவர்கள் இதைக் கேட்டதும் விழிக்கிறார்கள். அணையில் எத்தனை அடித் தண்ணீர் நின்றபோது அந்தப் பின் விழுந்தது என்பதுதான் கேள்வி. அது விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## நாளிதழின் நாலு எண்கள்

நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். மேட்டூரின் இந்த நாலு எண்களும் தினமும் செய்தியில் வருகின்றன. டெல்டாக்காரர்கள் குறுவைக்காகப் பார்க்கிறார்கள். தூண்டில்காரர் பார்க்க வேண்டியது, நாளை மறுநாள் கரை எங்கே இருக்கும் என்பதற்காக.

ஒரு நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து, 11,574ஆல் வகுத்தால் அன்றைக்கு அணையில் கூடியதோ குறைந்ததோ எத்தனை டிஎம்சி என்று கிடைத்துவிடும். அதை அடியாக மாற்றுவதில்தான் சூட்சுமம். மேட்டூர் கிண்ணம் மாதிரி. மேலே போகப்போக அகலம் கூடும். 100 அடியில் ஏறத்தாழ 65 டிஎம்சி, 120 அடியில் 93.47 டிஎம்சி. ஆக அந்த மேல் இருபது அடியில் ஓரடி ஏற சராசரியாக 1.4 டிஎம்சி வேண்டும். 50 அடி வாக்கில் ஓரடிக்கு முக்கால் டிஎம்சிகூடத் தேவையில்லை. நிகரமாகப் பத்தாயிரம் கனஅடி வந்தால் 110 அடியில் இருக்கும் அணை ஒரு நாளில் அரையடி சொச்சம் ஏறும். 50 அடியில் இருக்கும் அணை ஓரடிக்கு மேல் ஏறிவிடும். ‘நேற்றும் பத்தாயிரம், இன்றும் பத்தாயிரம், ஒன்றும் மாற்றமில்லை’ என்று கோடையில் போகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது சரிவு. கொளத்தூர் பக்கத்துக் கரையில் பல இடங்கள் தட்டையானவை. இருபத்தைந்து அடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவு என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டம் பத்தடி குறைந்ததும் தண்ணீர் விளிம்பு 250 அடி பின்வாங்கிவிடும். பாறைக் கரையில் அதே பத்தடிக்கு விளிம்பு பதினைந்து இருபது அடிதான் நகரும். அதனால்தான் ஏறி இறங்கும் பருவத்தில் பாறைக் கரைக்காரர்கள் நிம்மதியாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டைக் கரைக்காரர்கள் ஸ்டாண்டைப் பிடுங்கிப் பிடுங்கி நடுகிறார்கள்.

செய்தியில் வரும் அடி அணைக்கட்டின் அளவுகோலில் எடுத்தது. அங்கே 120 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து 790 அடி. வரத்து லேசாக இருக்கும்போது தேக்கம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டம். லட்சம் கனஅடி வரும்போது அப்படியில்லை. ஒட்டனூர், கோட்டையூர் பக்கம் அது இன்னும் ஆறுதான். தண்ணீர் சரிந்து ஓடிவரும், மட்டம் அணையடியைவிட உயர்ந்தே நிற்கும். கீழே சொல்லப்போகும் கணக்கை அந்த மேல்முனையில் வெள்ள நாட்களில் நம்பக்கூடாது.

## தண்ணீர் இல்லாதபோது இடம் தேடுவது

மீன் பிடிக்கும் இடத்தைத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தேடுவது வீண்வேலை. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். தேட வேண்டியது மே மாதத்தில், அணை வற்றிக் கிடக்கும்போது.

எண்பது அடியை ஒட்டி இறங்கினால் பண்ணவாடியில் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தியும் தலைகாட்டுகின்றன. படம் எடுக்கக் கூட்டம் வரும். தூண்டில்காரர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி நடக்க வேண்டும். பழைய கிணறு, கல்கட்டு, வரப்பு, வண்டிப்பாதை, கருகிய மரத்தூர், சீமைக்கருவேலப் புதர், மண் எடுத்த பள்ளம், பழைய ஆற்றுக்காலின் செங்குத்துக் கரை: பின் போட வேண்டியது இவற்றுக்கு. சமவெளியான சேற்றுத் தரையில் மீன் மேய்ந்துவிட்டுப் போகும், நிற்காது. தரையில் ஏதாவது ஒரு மேடோ பள்ளமோ மறைவோ இருக்கும் இடத்தில்தான் நிற்கும்.

அந்தப் பின்னோடு உயரத்தையும் எழுத வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீர் விளிம்பே அளவுகோல். அணை 58 அடியில் இருக்கும் நாளில் விளிம்பு எந்தக் கல்லைத் தொடுகிறதோ அந்தக் கல்லின் உயரம் 58. ஒரு வாரம் கழித்து 55 என்றால், அன்றைக்கு விளிம்பு தொடுவதெல்லாம் 55. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நாலைந்து முறை போய் விளிம்போரமாக நடந்து, கண்ணில் பட்டதைப் படம் எடுத்து, தேதியும் அடியும் குறித்துக்கொண்டால் ஒரு சர்வே முடிந்த மாதிரி. பிறகு அணை 75 அடிக்கு வரும்போது, 58 அடிக் கிணற்றின் வாய்க்கு மேல் பதினேழு அடித் தண்ணீர் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்லலாம். அந்த ஆழத்தில் தரையோரம் மிர்கால் மேயும்; மேலாக நாலடியில் கட்லா வரும். ஜிலேபிக்கு அங்கே வேலையில்லை, ஆழம் அதிகம்.

எல்லா வருடமும் இந்த வாய்ப்பு கிடைக்காது. 2025இல் கோடையிலேயே அணை நூறடிக்கு மேல் நின்று, ஜூன் 29ஆம் தேதி நிரம்பியும்விட்டது. நடந்து பார்க்கத் தரையே தெரியவில்லை. அப்படிப்பட்ட வருடத்துக்குச் செயற்கைக்கோள் படம் கைகொடுக்கும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதியோடு பார்க்கலாம். சென்டினல்-2 படங்கள் ஐந்து நாளுக்கு ஒன்று, இலவசம். மேகமில்லாத ஒரு பழைய தேதியை எடுத்து, அன்றைய நீர்மட்டத்தைச் செய்தியில் தேடி எடுத்தால், அந்தப் படத்தில் தெரியும் நீர்விளிம்பு முழுக்க அந்த அடிக்கான சமஉயரக்கோடு. 2024 கோடையின் படங்கள் இதற்குப் பொக்கிஷம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ஒவ்வொரு வெள்ளமும் வண்டல் கொண்டுவந்து கொட்டுகிறது. பள்ளங்கள் தூர்ந்துபோகும், ஆற்றுக்கால் இடம் மாறாவிட்டாலும் விளிம்பு மழுங்கும். பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை அப்படியே நம்பி ஈயத்தைப் போட்டால் வெறும் சேறுதான்.

காய்ந்த தரையில் நடக்கும்போது வெடித்த மண்ணின் மேல் மட்டும் நடக்கவும். விளிம்பிலிருந்து கடைசி முப்பது நாற்பது அடி மேலே பொருக்குக் கட்டியிருக்கும், உள்ளே கூழ். கையில் ஒரு கழி வைத்துக் குத்திப் பார்த்துக்கொண்டே போவது நல்லது. கழி ஒன்றரை அடி இறங்கினால் அதோடு நின்றுவிட வேண்டும்.

## பதினைந்து நாளில் எழுபது அடி

2024 ஜூலை இந்தப் பேச்சுக்கெல்லாம் ஒரு முடிவு கட்டியிருக்க வேண்டும். ஜூன் 12ஆம் தேதி வழக்கமாகத் திறக்கும் அணையை அந்த வருடம் தண்ணீர் இல்லாமல் திறக்க முடியவில்லை. ஜூலை நடுவில் நீர்மட்டம் ஐம்பது அடிக்கும் கீழே. பிறகு கர்நாடகத்தில் மழை, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, வரத்து லட்சம் கனஅடியைத் தாண்டியது. ஜூலை 28இல் டெல்டாவுக்குத் திறந்தார்கள். 30ஆம் தேதி 120 அடி. இரண்டு வாரத்தில் எழுபது அடிக்கும் மேல். அந்த இரண்டு வாரத்தில் மேட்டூரில் இருந்த ‘நல்ல இடங்கள்’ அத்தனையும் அழிந்து, முழுக்கப் புதியவை உண்டாயின. மீன் அந்த மாற்றத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தவர் வருடம் முழுக்கத் தூண்டில் போடலாம்.

முதல் சில நாட்கள் பழைய ஆற்றுக்காலில் செம்மண் கலங்கலாக வெள்ளம் இறங்கும். கலங்கலில் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன் வாயை மூடிக்கொள்கிறது. மீசையால் தடவித் தேடுபவை மட்டும் கடிக்கும்: கெளுத்தி, வாளை. ஆரால் மீசையை நம்பாமல் மூக்கை நம்பும், அதுவும் வரும். இந்த நாட்களில் மாவு வீண். மண்புழுவை இரண்டு மூன்றாகக் கோத்து, வால் தொங்க விட்டு, தரையோடு போட வேண்டும். ஓட்டம் இல்லாத மடுவில், அடிப்பாலாறு மாதிரி கிளையாறு வந்து சேரும் முனைகளில், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கம்தான் போட வேண்டிய இடம். பாலாற்றுக்கு அக்கரை கர்நாடகக் காடு என்பதை மறந்து பரிசலில் அந்தப் பக்கம் ஒதுங்கக்கூடாது.

அடுத்த கட்டம் தண்ணீர் ஆற்றுக்காலை விட்டு வெளியே வந்து, நீர்ப்பிடிப்பில் காய்ந்து கிடந்த நிலத்தின் மேல் பரவும்போது. எள்ளும் கம்பும் நிலக்கடலையும் விதைத்த பூமி அது. மண்புழு வெளியே வரும், வெட்டுக்கிளியும் கரையானும் எறும்பும் மிதக்கும், புல் விதை உதிரும். கெண்டை, ரோகு, கரைக்கெண்டைக் கூட்டங்கள் அந்தப் புது விளிம்போடு ஏறிவரும். முழங்கால் அளவு தண்ணீரில், சில சமயம் முதுகு தெரியும்படி மேயும். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு கையில் இருக்கும் ரீல். நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாயிற்றே என்று நூறு அடிக்கு வீசுகிறார்கள். இரை மீனின் தலைக்கு மேல் பறந்து, ஒன்றுமே இல்லாத ஆழத்தில் போய் விழுகிறது. போட வேண்டிய தூரம் விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து அடி, ஆழம் இரண்டு மூன்று அடி. பத்தடி மூங்கில் கழியே போதும். தரையை மிதித்து நடந்தால் அதிர்வு மீனுக்குப் போய்விடும். நாலடி பின்தள்ளி உட்கார்ந்தே போட வேண்டும். அங்கே என்ன மிதக்கிறதோ அதுவே இரை. வெட்டுக்கிளியை முதுகில் கோத்து, ஈயம் இல்லாமல் விடலாம்.

ஒரு நாளில் மூன்று நாலு அடிக்கு மேல் ஏறும்போது எதுவும் நிலைக்காது. மீனே ஒரு இடத்தில் தங்குவதில்லை, நாமும் அரைமணிக்கு ஒருமுறை சாமானை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டியிருக்கும். அந்த நாட்களில் வீட்டில் இருக்கலாம். பதினாறு கண் பாலம் பக்கம் உபரி நீர் திறக்கும் அறிவிப்பு வந்துவிட்டால் கீழே ஆற்றோரம் போகவே கூடாது. மதகு மூடிய பிறகு பாறைக் குட்டைகளில் மீன் தங்கியிருக்கும் என்பது உண்மைதான். மதகு மறுபடி எப்போது திறக்கும் என்பது குட்டையில் நிற்பவருக்குத் தெரியாது என்பதும் உண்மை.

ஏற்றம் நின்று நாலாவது நாளிலிருந்து பத்தாவது நாள் வரை. வருடத்தில் இதைவிட நல்ல வாரம் இல்லை என்பது என் கட்சி. அணைப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் தெளிந்துகொண்டு வரும். மேய்ச்சலுக்கு ஏறிய மீன் இன்னும் இறங்கியிருக்காது. மே மாதத்தில் குறித்த வரப்பும் கல்கட்டும் இப்போது ஆறு முதல் பன்னிரண்டு அடி ஆழத்தில் இருந்தால், ரோகுவுக்கு அதுதான் முகவரி. பத்தாம் நாளுக்குப் பிறகு மூழ்கிய புல்லும் பயிரும் அழுக ஆரம்பிக்கும். ஒதுக்குப்புறமான குடாக்களில் தண்ணீர் கறுத்து, குமிழி விட்டு, நாறும். அங்கே தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் வெளியேறிவிடும். அப்போது காற்று மோதும் கரைக்கு மாற வேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் மேல்நீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் கிழக்கே நாகமரைக் கரையை நோக்கித் தள்ளப்படும். வடிகட்டித் தின்னும் கட்லா அதன் பின்னால் போகும். கரையில் அலை அடித்து நம் தக்கை ஆடுவதால் கடி தெரியாது. தக்கையை எடுத்துவிட்டுத் தூண்டில் நரம்பை விரலில் பிடித்து உணர்வதே வழி. அந்தக் காற்றில் பரிசலில் போவதை மட்டும் நினைத்தே பார்க்கக்கூடாது.

## இறங்குமுகம்

டெல்டாவுக்குத் தண்ணீர் போகப்போக அணை இறங்கும். ஒரு நாளைக்கு அரையடி என்பது நமக்கு ஒன்றுமில்லை. மீனுக்கு அது பெரிய செய்தி. ஏறும்போது விளிம்புக்கு வந்த அதே மீன், இறங்கும்போது விளிம்பை நம்புவதில்லை. ஆழத்துக்குப் பக்கத்திலேயே மேட்டு நிலம் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்கும். பழைய ஆற்றுக்காலின் வளைவு, கிணற்று மேடு, வண்டிப்பாதை ஆற்றில் இறங்கும் சரிவு. ஆழத்தை அளந்து போடுவதைத் தவிர இங்கே வேறு வழியில்லை. தூண்டில் முள்ளில் அரை அவுன்ஸ் ஈயத்தைக் கவ்வ வைத்து, தக்கையோடு போட்டுப் பார்க்கவும். தக்கை மூழ்கினால் ஆழம் நாம் வைத்ததைவிட அதிகம். தக்கையை மேலே தள்ளவும். தக்கை படுத்துக்கொண்டால் வைத்தது அதிகம். நுனி மட்டும் தெரியும்படி நிற்கும்போது அளவு சரி. அதிலிருந்து மூன்று விரல் குறைத்தால் இரை தரைக்குச் சற்று மேலே நிற்கும். ஐந்தடி தள்ளி மறுபடி அளக்கவும். இரண்டு அளவுக்கும் நடுவே மூன்றடி வித்தியாசம் வந்துவிட்டால் சரிவு கிடைத்துவிட்டது. இரை போட வேண்டியது அந்தச் சரிவின் மேல் உதட்டில்.

மேட்டூர்த் தரையில் முள்வேலியும் கருவேலமும் புதைந்த வலைத்துண்டும் ஏராளம். தாய் நரம்பு 0.40 மி.மீ. என்றால் முள்ளுக்குப் போகும் கிளை நரம்பு 0.28 போதும். ஈயத்தையும் தாய் நரம்பில் நேரே கட்டாமல், அரை அடி மெல்லிய நரம்பில் தனியாகத் தொங்க விடவும். மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறும்; மீனும் முள்ளும் மிஞ்சும். ரோகு, மிர்காலுக்கு 4 அல்லது 6 எண் முள், ஜிலேபிக்கு 8 அல்லது 10. வாளைக்கு இந்த நரம்பெல்லாம் நூல்தான்; பல்லில் அறுத்துவிடும், ஓரடிக் கம்பி போட்டே ஆக வேண்டும்.

தெளிந்த தண்ணீருக்கு மாவு. கடலைப் புண்ணாக்கு இருநூறு கிராம் இடித்துச் சலித்தது, வறுத்த தவிடு நூறு, மைதா நூறு, பொடித்த வெல்லம் ஐம்பது. தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, அரைமணி ஈரத்துணியில் மூடி வைக்கவும். தண்ணீர் கூடினால் வீசும்போதே முள்ளைவிட்டுப் பறந்துபோகும். மைதா கூடினால் ரப்பராகி, நாம் சுண்டும்போது முள் மாவை விட்டு வெளியே வராது, மீனின் வாயில் ஏறாது. நிறையப் பேர் ‘கடிச்சிட்டு விட்டுருச்சு’ என்பது இதைத்தான். அணைத் தண்ணீரையே ஒரு டம்ளரில் எடுத்துக் கொண்டைக்கடலை அளவு உருண்டையைப் போட்டுப் பார்க்கவும். ஐந்து நிமிடத்தில் ஓரம் உதிர ஆரம்பித்து, கால்மணியில் கரைந்தால் பதம். கூட்டம் சேர்க்க வீசும் தவிட்டு உருண்டை எலுமிச்சை அளவில் நாலைந்து போதும், பிறகு கால்மணிக்கு ஒன்று. முதலிலேயே ஒரு கிலோவைக் கொட்டினால் மீன் வரும். வயிறு நிறைந்து போய்விடும்.

ஜிலேபிக்கு இறங்குமுகம் கெட்ட காலம். இரண்டு மூன்றடி ஆழத்தில் தட்டு மாதிரி வட்டக்குழி பறித்துக் கூடு வைக்கும் மீன் அது. தண்ணீர் இறங்கினால் குழிகள் வெளியே தெரிந்துவிடும், மீன் புதுக்குழி பறிக்க உள்ளே போகும். காய்ந்த கரையில் வரிசையாக அந்தத் தட்டுகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டு நடந்தால், அதற்கு நேர் எதிரே, அதே ஆழத்தில் புது வரிசை இருக்கும். 1952இல் இந்தியாவுக்குள் வந்த மீன், இன்று தூண்டில் பையன்களில் பாதிப் பேருக்கு முதல் மீன்.

## மற்ற அணைகள், சுருக்கமாக

பவானிசாகருக்கும் இதே கணக்குத்தான், அளவுகோல் வேறு. அங்கே முழுக்கொள்ளளவு 105 அடி, 32.8 டிஎம்சி. சிறுமுகைப் பக்கம் லிங்காபுரம், காந்தவயல் ஓரத்தில் வாழைத்தோட்டங்களுக்குள் தண்ணீர் ஏறும் பருவம்தான் அந்தக் கரையின் நல்ல பருவம். மாயாறு வரும் கை முழுக்கப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. யானை தண்ணீருக்கு வரும் வழி. தூண்டிலுக்கான இடமே அல்ல. அங்கிருந்து மஹ்சீர் ஏதாவது தப்பி வந்து மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். காவிரிப் படுகையின் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் உள்ள மீன். அமராவதியில் முதலை உண்டு, பண்ணையில் மட்டுமல்ல, அணைக்குள்ளும். முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். ஏரிகளில் விரால் பிடிப்பவர்களுக்கு இந்த அடிக்கணக்கு எதுவும் வேண்டாம். தாமரையும் கோரையும் எங்கே இடைவெளி விடுகிறதோ அங்கே தவளையைப் போட்டால் போதும். செம்புள்ளியாய்க் குஞ்சுக்கூட்டம் மேலே கொதிப்பதைக் கண்டால் மட்டும் அந்தத் தாயை விட்டுவிடுவது மரியாதை.

எந்த அணையானாலும் மீனுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மேட்டூரில் மீன்வளத்துறை உரிமம் பெற்ற மீனவர்கள் வலை போடுகிறார்கள். கரையில் கழி போடுவதற்கு முன் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக மிதந்தால் அது வலை. ரீல்காரரின் முள் அதில் மாட்டினால் அறுக்க வேண்டியது நம் நரம்பை, மீனவரின் வலையை அல்ல. லொகேஷன் பார்த்து வரும் புதியவர்களுக்கும் பரிசல்காரர்களுக்கும் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். அடி தெரியாமல் வருகிறவர் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்குவார். வற்றிய காலத்தில் தண்ணீர் இருக்கும் இடம் ஆற்றுக்கால் ஒன்றே, வலையும் அங்கேதான்.

எனவே லொகேஷன் அனுப்பியே தீருவேன் என்பவர் இப்படி அனுப்பட்டும்: ‘பழைய கிணறு, வாய் 58 அடி. வடக்கே கல்கட்டு, கிழக்கே சரிவு. 66இலிருந்து 72 வரை ரோகு, ஏறுமுகத்தில் மட்டும். 61க்குக் கீழே சேறு, இறங்காதீர்கள். மார்கழிக்குப் பிறகு வலை இருக்கும்.’ எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை. உண்மையானவற்றை, அடுத்து அணை வற்றும் மே மாதத்தில் அவரவர் நடந்தே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிணறு என்று என்னிடம் கேட்க வேண்டாம்.